39 டாலர் 60 சென்ட்: ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தில் காதல் உருவாகும் விதம்

காதல் நகைச்சுவைப் படம் பார்க்க வருகிற எவருக்கும், நாயகியும் நாயகனும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது சுவரொட்டியைப் பார்த்தபோதே தெரிந்துவிடுகிறது. அது தெரியாதவள் நாயகி ஒருத்திதான். எனவே இவ்வகைப் படத்தை எழுதுகிறவர் தீர்க்க வேண்டிய சிக்கல் சற்று விசித்திரமானது. அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் முன்கூட்டியே அறிந்த ஒன்றை, அதை அறியாத ஒரு பெண்ணின் மனத்தில், அவளே வியக்கும்படியும் பார்ப்பவர் நம்பும்படியும் நிகழ்த்திக் காட்ட வேண்டும். பெரும்பாலான படங்கள் இந்த இடத்தில் ஒரு பாட்டையோ, மழையையோ, தற்செயலான மோதலையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டு, காதல் வந்துவிட்டது என்று அறிவித்துவிடுகின்றன. அந்த அறிவிப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோமே தவிர நம்புவதில்லை.

1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது இந்தச் சிக்கலை மிகவும் சிக்கனமான பொருள்களைக் கொண்டு தீர்த்திருப்பதே. ஒரு பேருந்து, ஒரு கயிறு, ஒரு போர்வை, கொஞ்சம் சில்லறை, சில கேரட்டுகள். கோடீசுவரரின் மகள் ஒருத்தி, வேலையிழந்த பத்திரிகையாளன் ஒருவனை நேசிக்கத் தொடங்குவதை இந்தப் பொருள்களின் வழியாகவே படம் காட்டுகிறது. இவை எல்லாவற்றையும் கோத்திருக்கும் இழை பணம் என்பது என் வாதம். யார் யாருக்கு எவ்வளவு தருகிறார், யார் எதை வாங்க மறுக்கிறார், யார் எதற்குக் கணக்கு வைத்திருக்கிறார் என்று பின்தொடர்ந்து சென்றால், அவளுடைய காதல் எங்கே பிறந்து எங்கே வளர்ந்தது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

படம் உருவான சூழல்

சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய ‘நைட் பஸ்’ என்ற கதை 1933ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘காஸ்மோபாலிட்டன்’ இதழில் வெளிவந்தது. இயக்குநர் ஃபிராங்க் காப்ராவும் திரைக்கதையாசிரியர் ராபர்ட் ரிஸ்கினும் அதைப் படமாக்க எடுத்துக்கொண்டனர். தயாரித்த கொலம்பியா பிக்சர்ஸ் அப்போது ஹாலிவுட்டின் சிறிய நிறுவனங்களுள் ஒன்று. பெரிய நட்சத்திரங்கள் அதனிடம் இல்லாததால் பிற நிறுவனங்களிடமிருந்து கடனாகப் பெற வேண்டியிருந்தது. கதாநாயகி வேடத்தைப் பல நடிகைகள் மறுத்த பிறகு, பாரமவுண்டின் ஒப்பந்தத்தில் இருந்த கிளாடெட் கோல்பேர், தம் வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்காக 50,000 டாலரும், நான்கு வாரத்தில் படப்பிடிப்பு முடிய வேண்டும் என்ற உறுதியும் கேட்டுப் பெற்றுக்கொண்டு சம்மதித்தார். எம்ஜிஎம் நிறுவனம் கிளார்க் கேபிளை அனுப்பிவைத்தது. படம் முடிந்தபோது கோல்பேருக்கு அதில் நம்பிக்கையே இல்லை. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஆஸ்கர் விருது வழங்கப்பட்ட இரவில் அவர் ரயிலேறிக்கொண்டிருந்தார் என்பதும், சிறந்த நடிகை அவர்தான் என்று தெரிந்ததும் அவரை நிலையத்திலிருந்து அழைத்துவந்தார்கள் என்பதும் நன்கு அறியப்பட்ட செய்தி. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை விருதுகளையும் ஒரே படம் பெற்றது அதுவே முதல் முறை. மறுமுறை அப்படி நடக்க 1975ஆம் ஆண்டின் படம் ஒன்று வர வேண்டியிருந்தது.

நான்கு வாரக் கெடுவும் சிறிய செலவுத்திட்டமும் படத்தின் உருவத்தை நேரடியாகத் தீர்மானித்திருக்கின்றன. ஆடம்பர அரங்குகளுக்கும் பெரிய கூட்டக் காட்சிகளுக்கும் இடமில்லை. பேருந்தின் இருக்கை வரிசையும், சாலையோர விடுதியின் ஒற்றை அறையும், வயலும், சாலையும் போதுமானவையாக இருக்க வேண்டியிருந்தது. இதனால் இரண்டு முகங்களை நெருக்கமாக, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு பார்வையாளருக்குக் கிடைத்தது. அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீண்ட தூரப் பேருந்துப் பயணம் என்பது கையில் பணமில்லாதவர்களின் பயணமாக இருந்தது. ஒரு செல்வந்தரின் மகளை அந்தப் பேருந்தில் ஏற்றிய முடிவு, பாதிக் கதையைத் தானாகவே எழுதிவிட்டது.

தப்பி ஓடுகிறவளின் நிலை

படம் தொடங்கும்போது எல்லி ஆண்ட்ரூஸ், மயாமியில் நிற்கும் தன் தந்தையின் உல்லாசப் படகில் அடைபட்டிருக்கிறாள். கிங் வெஸ்ட்லி என்ற விமானியைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்டிருக்கிறாள். அந்தத் திருமணத்தை ரத்து செய்யத் தந்தை முனைகிறார். அவள் உண்ணாவிரதம் இருக்கிறாள். தந்தை உணவைக் கொண்டுவந்து ஆசைகாட்ட, தட்டைத் தள்ளிவிடுகிறாள். அவர் அறைகிறார். அவள் ஓடிப்போய்க் கடலில் குதித்து நீந்திக் கரையேறிவிடுகிறாள்.

இந்த முதல் சில நிமிடங்கள் மிகவும் கவனமாக எழுதப்பட்டவை. எல்லிக்கு வெஸ்ட்லிமேல் காதல் இருக்கிறதா என்று படம் எங்குமே கேட்பதில்லை, ஏனென்றால் அவளும் அதைத் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. செவிலியரும் காவலாளிகளும் சூழ, எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று பிறர் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் அவள். தந்தை வேண்டாம் என்று சொன்னதே அவளுக்கு அந்த மனிதனைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணமாக இருந்திருக்கிறது. தான் ஏற்கனவே காதலித்துவிட்டதாக ஒரு பெண் நம்பிக்கொண்டிருக்கும்போது, உண்மையான காதலை அவள் எதிர்பார்ப்பதற்கு வழியே இல்லை அல்லவா? எதிர்பாராத தன்மைக்கான அடித்தளம் இவ்வாறு நாயகன் திரைக்கு வருவதற்கு முன்பே இடப்பட்டுவிடுகிறது. அவள் போகிற இடமும் நோக்கமும் தெளிவாக இருக்கின்றன. நியூயார்க்கில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர வேண்டும். வழியில் இருக்கிற எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பத்திரிகையாளன் பீட்டர் வார்ன் அறிமுகமாகும் காட்சியும் அதே அளவு சிக்கனமானது. குடித்துவிட்டுத் தொலைபேசியில் தன் பத்திரிகை ஆசிரியரோடு சண்டையிடுகிறான். அவர் அவனை வேலையிலிருந்து நீக்கி இணைப்பைத் துண்டித்த பிறகும், சுற்றி நிற்கும் சக பத்திரிகையாளர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக, தானே வேலையை உதறுவதுபோல வெறும் தொலைபேசியில் பேசிக்கொண்டேயிருக்கிறான். ஒருத்தி தன் திருமணத்தைப் பற்றித் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒருவன் தன் வேலையைப் பற்றிப் பிறரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். இருவரும் பேருந்தில் ஒரே இருக்கைக்காக மோதிக்கொள்கிறார்கள்.

ஒப்பந்தமும் பணமும்

வழியில் எல்லியின் பை திருடுபோகிறது. ஜாக்சன்வில்லில் பேருந்து அரை மணி நேரம் நிற்கும்போது, தனக்காகக் காத்திருக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு ஒரு விடுதிக்குப் போகிறாள். உலகம் காத்திருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவள். திரும்பி வரும்போது பேருந்து போய்விட்டிருக்கிறது. அவள் விட்டுச்சென்ற பயணச்சீட்டோடு பீட்டர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான். செய்தித்தாளைப் பார்த்து அவள் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கு அவள் உடனே பணம் தருவதாகச் சொல்கிறாள். அவன் சினங்கொள்கிறான்.

படத்தின் முதல் முக்கியமான பணப் பேச்சு இதுதான். அவளுக்குத் தெரிந்த ஒரே உறவுமுறை விலைபேசுவது. தந்தையின் காவலாளிகள், பணியாட்கள், படகோட்டிகள் எல்லாரும் கூலிக்கு அவளைச் சூழ்ந்திருந்தவர்கள். பீட்டரும் தன் பங்குக்கு ஒரு பேரத்தை முன்வைக்கிறான். அவளுடைய கதையைத் தனக்கு மட்டும் தர வேண்டும், அதற்கு ஈடாக வெஸ்ட்லியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், இல்லையென்றால் தந்தைக்குச் சொல்லிவிடுவேன் என்கிறான். ஆகவே இருவருக்கும் இடையில் முதலில் உருவாவது ஒரு வணிக ஒப்பந்தம். இதைத் திரைக்கதையின் பெரும் பலமாக நான் கருதுகிறேன். நட்பு என்றோ இரக்கம் என்றோ பெயரிடாமல் வெளிப்படையான பேரமாகத் தொடங்கியதால்தான், பின்னர் அந்தப் பேரத்தின் எல்லையைத் தாண்டி இருவரும் செய்கிற ஒவ்வொரு சிறு செயலும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

அத்தகைய செயல்கள் மெல்லச் சேர்கின்றன. மறு பேருந்தில் ஷேப்லி என்ற வாயாடிப் பயணி அவளைத் தொல்லை செய்யும்போது, பீட்டர் தன்னை அவளுடைய கணவன் என்று சொல்லி இருக்கையை மாற்றிக்கொள்கிறான். மிட்டாய் விற்பவனிடம் அவள் சாக்லேட் வாங்கப்போகும்போது தடுத்து, மிச்சமிருக்கும் பணத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் கணக்குப் பார்த்துத்தான் செலவு என்று சொல்லிவிடுகிறான். அவளுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவளுடைய வாழ்க்கையில் பணம் தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருள் என்று அவளுக்குச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

போர்வை மதில்

மழையில் பாலம் அடித்துச்செல்லப்பட, பயணிகள் சாலையோர விடுதி ஒன்றில் தங்க வேண்டியதாகிறது. கையில் இருப்பதற்கு ஓர் அறைதான் கட்டுப்படியாகும் என்பதால் பீட்டர் இருவரையும் கணவன் மனைவி என்று பதிவு செய்துவிடுகிறான். இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு எரிகோவின் மதில் என்று பெயரிடுகிறான். யோசுவாவின் எக்காளங்கள் ஊதியபோது இடிந்து விழுந்த அந்த மதில் விவிலியம் அறிந்தவர்களுக்குத் தெரிந்ததே. தன்னிடம் எக்காளம் இல்லை, ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பது அவன் தருகிற உறுதி.

இந்தப் போர்வையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது 1934ஆம் ஆண்டு ஜூலையில்தான். படம் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. எனவே ஒழுக்கக் காவலர்களுக்காக மட்டும் தொங்கவிடப்பட்டது என்று அதைச் சுருக்கிவிட முடியாது. நாடகத்துக்கு அது செய்யும் வேலை வேறு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, ஆனால் கேட்க முடியும். பார்வையாளரோ இருவரையும் பார்க்கிறார். காதல் காட்சிகளில் வழக்கமாக முகத்துக்கு முகம் நடக்கிற பரிமாற்றம் இங்கே குரலுக்கும் காதுக்கும் இடையில் நடக்கிறது. அப்பால் இருப்பவருக்குத் தெரியாது என்பதால் முகம் தன்னைக் காத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது. எல்லி படுத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோல்பேரின் முகத்தில் தெரிகிற ஆர்வம் கலந்த குழப்பத்தை பீட்டர் பார்க்கவே இல்லை. அவனுக்கு முன்பே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் ஜோசப் வாக்கர் இருட்டையும், கண்ணாடியில் வழியும் மழையையும், ஒரு பக்கத்து மங்கிய ஒளியையும் வைத்து இந்த இடத்தைப் படமாக்கியிருக்கும் விதம் இன்றைக்கும் பாடமாக வைக்கத் தகுந்தது.

அடுத்த நாள் காலை அவன் சிற்றுண்டி தயாரித்து வைக்கிறான். டோனட்டைக் காபியில் எப்படி நனைக்க வேண்டும், எவ்வளவு நேரம் நனைத்தால் போதும் என்று பாடம் நடத்துகிறான். கோடீசுவரரின் மகளுக்கு இதுவரை யாரும் கற்றுத்தராத ஒன்று. அவள் சிரித்துக்கொண்டே செய்துபார்க்கிறாள்.

பொய்ச்சண்டை

அப்போதுதான் தந்தை அனுப்பிய துப்பறிவாளர்கள் விடுதிக்கு வந்து அறை அறையாகத் தேடுகிறார்கள். படத்தின் அச்சாணி இந்தக் காட்சி என்பது என் முடிவு. பீட்டர் அவளுடைய தலைமயிரைக் கலைத்து முகத்தில் விழச்செய்து, சலிப்புற்ற கணவனைப் போலப் பேசத் தொடங்குகிறான். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் எல்லி அந்த நாடகத்துக்குள் நுழைந்துவிடுகிறாள். குழாய்வேலைக்காரரின் மகளாக மாறி, குரலை மாற்றிக்கொண்டு, அவனோடு உரக்கச் சண்டையிட்டு, ஓலமிட்டு அழத் தொடங்குகிறாள். துப்பறிவாளர்கள் சங்கடப்பட்டு வெளியேறிவிடுகிறார்கள்.

கதவு சாத்தப்பட்டதும் இருவரும் சிரிக்கிறார்கள். ஒருவருடைய திறமையை மற்றவர் மெச்சிக்கொள்கிறார்கள். சேர்ந்து ஒரு நாடகக்குழு தொடங்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கணத்தில் நடந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதுவரை எல்லி அவனுடைய செய்தியின் மூலப்பொருளாகவும், அவன் காக்க வேண்டிய சுமையாகவும் இருந்தாள். அவனும் அவளுக்கு ஒரு வழித்துணையாகவும் எரிச்சலூட்டும் ஆசிரியனாகவும் மட்டுமே இருந்தான். பொய்ச்சண்டையில்தான் முதன்முதலாக இருவரும் சமமான கூட்டாளிகள் ஆகிறார்கள். அவன் பந்தை எறிந்த வேகத்திலேயே அவளும் திருப்பி எறிந்திருக்கிறாள். கணவன் மனைவி என்ற வேடத்தை அணிந்துபார்த்தபோது அது இருவருக்கும் பொருந்திவிட்டது. அதை அவர்கள் உணரவில்லை, நாம் உணர்ந்துவிடுகிறோம். ஒரு பெண் தனக்கு வந்த காதலை எதிர்பாராமல் கண்டுகொள்ள வேண்டும் என்றால், முதலில் அவள் அதை வேறொன்றாக எண்ணி அனுபவித்திருக்க வேண்டும். இங்கே அது விளையாட்டாக வந்திருக்கிறது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. அவள் வேடமிட்டது எளிய குடும்பத்து மனைவியாக. கணவனோடு உரக்கச் சண்டையிடுகிற ஒருத்தியாக அவள் இருந்த சில நிமிடங்கள், அவள் பிறந்த வர்க்கத்திலிருந்து அவளை முதன்முதலாக வெளியே கொண்டுவந்தன. பேருந்தில் பின்னர் ஒரு தாய் பசியால் மயங்கி விழுந்து, அவளுடைய சிறுவன் அழும்போது, பீட்டரிடம் மிச்சமிருந்த பணத்தை எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்துவிடுகிறவள் எல்லிதான். கணக்குப் பார்த்துச் செலவு செய்யக் கற்ற பிறகே அவளால் அப்படிக் கொடுக்க முடிகிறது. தந்தையின் வீட்டில் இருந்தபோது எவ்வளவு கொடுத்திருந்தாலும் அது கொடையாகியிருக்காது, ஏனென்றால் அதனால் அவளுக்கு எதுவும் குறைந்திருக்காது. இப்போது கொடுத்ததற்கு விலை உண்டு. அன்றிரவு இருவரும் பட்டினி.

வயலும் சாலையும்

அவளைக் கண்டுபிடித்துத் தருகிறவருக்குத் தந்தை 10,000 டாலர் பரிசு அறிவித்திருக்கிறார். ஷேப்லி அதைப் பார்த்துவிட்டுப் பங்கு கேட்க, பீட்டர் தன்னை ஒரு கடத்தல் கும்பலின் ஆளாகக் காட்டி அவனை விரட்டிவிடுகிறான். பிறகு பேருந்தை விட்டு இறங்கி நடக்க வேண்டியதாகிறது. ஓர் இரவு வைக்கோல்மேல் படுக்கை. பசிக்கு அவன் கொண்டுவந்து தருகிற பச்சைக் கேரட்டை அவள் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். மறுநாள் அதே கேரட்டைக் கடித்துத் தின்கிறாள். இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. முதல் காட்சியில் தந்தை கொண்டுவந்த இறைச்சித்தட்டைத் தள்ளிவிட்ட பெண் இவள் என்பது நினைவுக்கு வருகிறவர்களுக்கு, வசனம் தேவைப்படாது.

வாகனத்தை நிறுத்தும் காட்சி மிகவும் புகழ்பெற்றது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கட்டைவிரலைக் காட்டி வண்டி நிறுத்துவதன் மூன்று முறைகளை பீட்டர் விளக்குகிறான்; ஒன்றும் பலிக்கவில்லை; எல்லி பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்ட, முதல் வண்டியே நின்றுவிடுகிறது. கோல்பேர் இதை முதலில் நடிக்க மறுத்தார் என்றும், வேறொரு பெண்ணின் காலைப் படமெடுக்க ஏற்பாடு செய்தபோது தானே நடிப்பதாக முன்வந்தார் என்றும் காப்ரா பின்னாளில் எழுதியிருக்கிறார். காட்சியின் பயன் நகைச்சுவையோடு நின்றுவிடவில்லை. டோனட் தொடங்கி கட்டைவிரல் வரை அதுவரை பாடம் நடத்தியவன் அவன்; இங்கே முதல் முறையாக அவன் தோற்று அவள் வெல்கிறாள். காதல் எழுவதற்கு இந்தச் சமநிலை திரும்ப வேண்டியிருந்தது.

அவள் சொல்வதும் அவன் கேட்பதும்

நியூயார்க் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, எல்லி இன்னோர் இரவு தங்க விரும்புகிறாள். போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் வந்த பிறகுதான் தான் போக விரும்பவில்லை என்பது அவளுக்கே தெரிகிறது. மீண்டும் போர்வை தொங்குகிறது. எப்போதாவது காதலித்திருக்கிறாயா என்று மதிலுக்கு அப்பாலிருந்து அவள் கேட்க, அவன் பசிபிக் கடலில் பார்த்த ஒரு தீவைப் பற்றியும், அங்கே அழைத்துச்செல்ல விரும்பும் ஒரு பெண்ணைப் பற்றியும் பேசத் தொடங்குகிறான். அவன் தன் கனவையே பேசிக்கொண்டிருக்கும்போது, எல்லி மதிலைக் கடந்து வந்து நிற்கிறாள். தன்னை அழைத்துப்போகச் சொல்கிறாள்.

1934இல் ஒரு நாயகி எல்லையைத் தாண்டி வந்து தானே கேட்கிறாள் என்பது சாதாரணச் செய்தியன்று. அவளுடைய முதல் திருமணம் தந்தைக்கு எதிரான பதிலாக இருந்தது. இது எவருக்கும் எதிரான பதில் அல்ல, அவளுடைய சொந்த வேண்டுகோள். அவன் திடுக்கிட்டு, உன் பக்கத்துக்குப் போய்விடு என்கிறான். அவள் திரும்பிப்போய் அழுது தூங்கிவிடுகிறாள். சற்று நேரம் கழித்து அவன், நீ சொன்னது உண்மைதானா என்று கேட்கும்போது பதில் வருவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் ஆயத்தமாக இல்லாமல் போவதையும், ஆயத்தமான பிறகு மற்றவர் உறங்கிவிடுவதையும் இவ்வளவு எளிமையாக எழுதிய காட்சிகள் குறைவு.

இதற்குப் பிந்திய கட்டம்தான் படத்தின் பலவீனமான பகுதி. கையில் காசில்லாமல் அவளிடம் திருமணம் பேச விரும்பாத பீட்டர், அவள் தூங்கும்போதே, வழியில் தன் கைக்கு வந்திருந்த காரை நியூயார்க்குக்கு ஓட்டிச் சென்று, தங்கள் கதையைப் பழைய ஆசிரியரிடம் விற்று 1,000 டாலர் வாங்குகிறான். இதற்கிடையில் விடுதிக்காரர்கள் அவளை எழுப்பி வெளியே அனுப்பிவிட, அவன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நம்பி அவள் தந்தைக்குத் தொலைபேசியில் பேசிவிடுகிறாள். ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் குழப்பம் இது. பாத்திரங்களின் இயல்பிலிருந்து அல்லாமல் திரைக்கதையாசிரியரின் தேவையிலிருந்து பிறந்த பிரிவு என்பதால் இந்த இடத்தில் படம் தளர்கிறது. ஆனாலும் அவன் செய்த தவறுக்குள்ளும் பணத்தைப் பற்றிய அதே கவலை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் தரவந்தபோது சினந்தவன், அவளுக்கு நிகராக நிற்பதற்குப் பணம் தேவை என்று நினைத்துவிட்டான். அவள் வெஸ்ட்லியிடம் திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் அந்த 1,000 டாலரை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

கணக்குச் சீட்டு

எல்லிக்கும் வெஸ்ட்லிக்கும் முறைப்படி திருமணம் நடக்கவிருக்கும் நாளில் பீட்டர் அவளுடைய தந்தையிடம் வருகிறான். பணம் தொடர்பாகப் பேச வேண்டும் என்று அவன் முன்பே கடிதம் எழுதியிருக்கிறான். 10,000 டாலர் பரிசைக் கேட்க வந்திருக்கிறான் என்றே தந்தை நினைக்கிறார். அவன் நீட்டுவதோ 39 டாலர் 60 சென்டுக்கான ஒரு பட்டியல். கையிலிருந்து செலவழித்தது 8 டாலர் 60 சென்ட், மேல்கோட்டு 15, பெட்டி 7.50, தொப்பி 4, மூன்று சட்டைகள் 4.50. வழியில் பெட்ரோலுக்காக அவன் விற்ற உடைமைகள் அவை.

இந்தப் பட்டியலைப் போன்ற அருமையான காதல் சான்றை நான் வேறு படத்தில் கண்டதில்லை. பத்தாயிரத்தை மறுத்து ஒன்றும் வேண்டாம் என்று போயிருந்தால் அது வழக்கமான நாயகப் பெருமிதமாக முடிந்திருக்கும். அவன் தனக்கு உரியதை மட்டும், சென்ட் வரை கணக்கிட்டுக் கேட்கிறான். அதன் பொருள் தந்தைக்கு உடனே விளங்கிவிடுகிறது. தன் மகளைச் சுற்றியிருந்தவர்கள் அனைவரையும் விலைக்கு வாங்கிப் பழகிய மனிதர் அவர். விலைக்கு வராத ஒருவனை இப்போதுதான் பார்க்கிறார். மகளைக் காதலிக்கிறாயா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, எரிச்சலின் உச்சத்தில் அவன் ஆம் என்று கத்திவிட்டு, அதனால் தன்னைத் தவறாக எண்ண வேண்டாம், தனக்கும் கொஞ்சம் மூளை பிசகியிருக்கிறது என்று சொல்லிப் போய்விடுகிறான்.

தந்தையாக நடித்த வால்டர் கானலியின் நடிப்பு இந்த இறுதிப் பகுதியைத் தாங்கிப்பிடிக்கிறது. மகளைக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துச்செல்லும்போதே, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாமல், அவன் பரிசுப்பணத்தைக் கேட்கவில்லை என்றும், உன்னை நேசிக்கிறான் என்றும், பின்வாசலில் வண்டி நிற்கிறது என்றும் முணுமுணுக்கிறார். எல்லி தன் நீண்ட முகத்திரை காற்றில் பறக்க ஓடுகிறாள். முதல் காட்சியில் தந்தையிடமிருந்து கடலில் குதித்துத் தப்பியவள், கடைசியில் தந்தையின் துணையோடு தப்புகிறாள். வெஸ்ட்லியோ பணத்தை வாங்கிக்கொண்டு திருமண ரத்துக்குச் சம்மதித்துவிடுகிறான்.

இன்றைய பார்வையில் உறுத்துபவை

படத்தை நேசிக்கிறவர்கள் மறைக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. எல்லியின் மாற்றம் சில இடங்களில் அடக்கப்படுவதாகவே காட்டப்படுகிறது. தந்தை அறைவது, பீட்டர் அவளை ஓயாமல் அதட்டுவது, இவளுக்குத் தேவை நாள்தோறும் ஓர் அடி கொடுக்கிறவன் என்று அவன் தந்தையிடமே சொல்வது ஆகியவற்றை அந்தக் காலத்தின் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோவது நேர்மையாகாது. அவை படத்தின் மையத்தையே அரிக்கின்றன. பொய்ச்சண்டையிலும் சாலையோரத்திலும் நிலைநாட்டப்பட்ட சமத்துவத்துக்கு இந்த வசனங்கள் நேர் எதிரானவை. கோல்பேரின் நடிப்பு அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. அதட்டப்படும்போது அவருடைய எல்லி பணிவதில்லை. புருவத்தை உயர்த்தி, அவனை அளந்து பார்த்துவிட்டு, அடுத்த நகர்வுக்குத் தயாராகிறாள்.

மறுஆக்கங்களில் எஞ்சியது

இந்தக் கதை இந்தியாவிலும் பலமுறை எடுக்கப்பட்டிருக்கிறது. 1956இல் அனந்த் தாக்குர் இயக்கத்தில் ராஜ் கபூரும் நர்கீசும் நடித்த ‘சோரி சோரி’, 1991இல் மகேஷ் பட் இயக்கத்தில் ஆமிர் கானும் பூஜா பட்டும் நடித்த ‘தில் ஹை கி மான்தா நஹீன்’, அதன் தமிழ் வடிவமாக 2000இல் கேயார் இயக்கிய ‘காதல் ரோஜாவே’ ஆகியவை அவற்றுள் சில. பாடல்கள் சேர்ந்தபோது மூலத்தின் மௌனங்களில் பல நிரம்பிவிட்டன. சொல்லாமல் விட்டது பாடப்பட்டது. ஆயினும் ‘சோரி சோரி’யில் ஓர் இடம் என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. சங்கர் ஜெய்கிஷன் இசையில், நாயகனும் நாயகியும் பொம்மலாட்டப் பொம்மைகளாக மாறி ஆடுகிற பாடல் அது. தங்களுக்குள் இன்னும் சொல்லிக்கொள்ளாததைப் பொம்மைகளின் வேடத்தில் அவர்கள் நடித்துப்பார்க்கிறார்கள். விடுதி அறையின் பொய்ச்சண்டை செய்த வேலையைப் பாடலும் ஆட்டமும் கொண்ட மரபு இப்படித் தன் வழியில் செய்துகொண்டிருக்கிறது.

1991ஆம் ஆண்டுப் படத்தில் விமானி மறைந்து, நாயகி தேடிப்போகிற ஆள் ஒரு திரைப்பட நடிகன் ஆகிவிடுகிறான். பயணம் மும்பையிலிருந்து பெங்களூருக்கு மாறுகிறது. தந்தை மட்டும் மாறவில்லை. அனுபம் கேர் நடித்த அந்தத் தந்தையும் கல்யாண நேரத்தில் மகளை ஓடிப்போகச் சொல்கிறார். தந்தையின் சம்மதத்துக்காகப் படம் முழுவதும் போராடுவதே வழக்கமாக இருந்த ஒரு திரைமரபில், மகளின் மனத்தை அவளுக்கு முன்பே அறிந்து வழிவிடுகிற இந்தத் தந்தைக்குக் கிடைத்த வரவேற்பு, மூலக்கதையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கும் பெயரக்கூடியது என்பதைக் காட்டிவிடுகிறது. போர்வையைவிடவும் பேருந்தைவிடவும் அவர்தான் எளிதில் இடம்பெயர்ந்திருக்கிறார்.